கட்டை சரியான இடத்தில் விழுந்தது பற்றி

லேப்டாப் திரையை வெறும் வோட்காவால் துடைக்கக் கூடாது, பளபளப்பு போய்விடும். பாதி வோட்கா, பாதி தண்ணீர் என்பதே அளவு. எங்கள் சிறுவர் மையத்தின் இயக்குநர் கல்புபு எஜே, எங்கள் வழக்கில் எஜே என்றால் அக்கா, இதற்கென்று மாதம் ஒரு புட்டி வாங்கித் தருவார். என் கைக்கு வரும்போது அதில் பாதிதான் இருக்கும். மீதியை நான் தண்ணீரால் நிரப்பிக்கொள்வேன். அளவு தானாகவே சரியாகிவிடும்.

ஆய்வாளர் ஐயா, கணினி அறைக்குள் வந்து போகிற எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதித் தர வேண்டும் என்று சொன்னீர்கள். அதைப் பார்த்துத்தான் பெகாயிமுக்கு மறுதேர்வு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் என்றும் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். என்னுடையது கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் எனக்கு வராது. நீங்கள் வந்த அன்று என் பெயரைக் கேட்டீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தங்கை பெகாயிம்தான் “அனார்குல்” என்று சொன்னாள். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. காகிதம் திருப்பி நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. மையத்தைக் கூட்டித் துடைப்பதும், அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுவதும், தேநீர் வைப்பதும் என் வேலை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன். வேதியியல் வகுப்பில் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். மணி அடிக்கும்வரை சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மறுநாள் போகவில்லை. ஆனால் நான் படிப்பை விட்டதற்குக் காரணம் அது இல்லை. பெகாயிமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்கு மறு வருடம் அம்மா மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனார்.

நான் அவளுக்குச் சோறு போட்டேன், சடை பின்னினேன், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். அவள் எனக்காகப் பேசினாள். கடையில் ரொட்டி கேட்பது, மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, மின்சாரக்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் அவள்தான். எட்டு வயதிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எங்க அக்காவுக்குப் பல்லு வலி, கீழ் வரிசை, இடது பக்கம், அவளக் கேக்காதீங்க, என்னக் கேளுங்க” என்பாள். இப்போது அவளுக்குப் பதினான்கு.

இனி லேப்டாப்புகளுக்கு வருகிறேன். போன இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு லேப்டாப்புகள் வந்து இறங்கின. அவற்றில் குழந்தைகள் நிரல் எழுதப் பழகும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டியதே இல்லை. இடது பக்கம் வண்ணக் கட்டைகள் அடுக்கியிருக்கும். ‘முன்னே போ’, ‘திரும்பு’, ‘பத்து முறை செய்’ என்று ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கட்டளை. வேண்டிய கட்டையை மவுஸால் பிடித்து இழுத்து வந்து மற்றக் கட்டைகளுக்கு நடுவில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக ஒட்டினால் திரையில் ஒரு பனிச்சிறுத்தைக் குட்டி நடந்துபோய்ப் பாறையைத் தாண்டும். ஒரு கட்டை இடம் மாறி விழுந்தாலும் குட்டி ஆற்றில் விழும்.

இதைக் கற்றுக்கொடுக்க உலார்பெக் அகாயைப் போட்டார்கள். ஆசிரியர்களை நாங்கள் அகாய் என்போம். அவர் மல்யுத்த ஆசிரியர். தலைநகர் பிஷ்கெக்கில் இரண்டு வாரப் பயிற்சிக்கு யாரையாவது அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தபோது மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் நிலம் இல்லை. ஆகவே அவர் கணினி ஆசிரியர் ஆனார். நல்ல மனிதர். காது இரண்டும் மல்யுத்தத்தில் நசுங்கி, மடித்த கொழுக்கட்டை போல இருக்கும். கணினியைப் பற்றி அவருக்குத் தெரியாதது அதிகம், ஆனால் தெரியாது என்பதை அவர் மறைத்ததில்லை.

கோளாறு ஜனவரி கடைசியில் தொடங்கியது. கட்டையைப் பிடித்து இழுத்தால் வந்தது. விட்டால் விட்ட இடத்தில் விழவில்லை. வலது பக்கமாகவும் கீழாகவும் இரண்டு விரல்கடை தள்ளிப் போய் விழுந்தது. சில லேப்டாப்பில் இரண்டு விரல், சிலவற்றில் மூன்று. பன்னிரண்டு பனிச்சிறுத்தைகளும் ஆற்றில் மிதந்தன.

காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. மவுஸ் சக்கரத்தில் குழந்தைகளின் கை அழுக்கு சேரும். இடது முழங்கையை விசைப்பலகையின் மூலையில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் துணியை வைத்துச் சக்கரத்தை உருட்டி உருட்டித் துடைப்பேன். மூலையில் இருப்பது கன்ட்ரோல் பொத்தான். அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் திரையில் இருப்பது எல்லாம் சற்றுப் பெரிதாகும். ஓரத்தில் ‘110%’ என்று ஒரு எண் வந்து கண் சிமிட்டும் நேரத்தில் மறையும். பக்கம் பெரிதாகிவிட்டால் அந்த மென்பொருளுக்குக் கணக்குத் தப்பிவிடுகிறது. நம் கண் ஓர் இடத்தைப் பார்க்கும், அது வேறோர் இடத்தை நினைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலை போதுமாக இருந்தது. நான் ஆறு மணிக்கே வந்துவிடுவேன். குழந்தைகள் ஒன்பது மணிக்கு வருவார்கள். நடுவில் இருக்கும் நேரத்தில் கட்டைகளை நானும் இழுத்துப் பார்ப்பதுண்டு. பொய் சொல்லவில்லை ஐயா, போட்டிக்கு வருகிற பத்துப் புதிர்களையும் என்னால் இருபத்தாறு நிமிடத்தில் முடிக்க முடியும். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்றே உலார்பெக் அகாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் அறை நடுவில் நின்றுகொண்டு, குழந்தைகள் சுற்றி நிற்க, மவுஸைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“இது மெஷின் கோளாறு இல்லடா, பிடி கோளாறு. யாக் மாட்டுக் கொம்பப் புடிக்கிற மாதிரி மவுஸப் புடிச்சா அது வேற எங்க போய் விழும்? பிடி லேசா இருக்கணும்.”

அத்தனை பேருக்கு நடுவே போய், துணியும் கையுமாக, அகாய், என் முழங்கைதான் என்று எப்படிச் சொல்வது. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர் சோம்பேறி இல்லை. மவுஸ்களை மாற்றினார். மேசைகள் சாய்ந்திருக்கின்றன என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அளந்து, கால்களுக்கு அடியில் அட்டை சொருகினார். மின்சாரம் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று பக்கத்து ஊர்ப் பால் பண்ணையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதற்கு மறுநாள் காலை கோளாறு சரியாகியிருந்தது, மதியம் திரும்பி வந்தது. இடையில் நான் துடைத்திருந்தேன். பயிற்சியில் கூடப் படித்த பிஷ்கெக் நண்பர் ஒருவரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் பேசினார். நண்பர் கெட்டிக்காரர்.

“பக்கம் நூறு சதவீதத்துல இருக்கான்னு பாத்தியா?”

“இங்க எல்லாமே நூறு சதவீதம்தான் தம்பி. எங்க பசங்க நூத்துக்கு நூத்தியிருபது குடுக்குறாங்க.”

நண்பர் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் போட்டி பற்றிய அறிவிப்பு வந்தது. மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரே நேரத்தில், அவரவர் மையத்திலிருந்தே எழுதலாம். நாற்பத்தைந்து நிமிடம், பத்துப் புதிர். மாவட்டத்துக்கு ஒருவர் தேர்வாவார். அவருக்குத் தலைநகரில் விடுதியோடு கூடிய பள்ளியில் நான்கு வருடப் படிப்பு. எங்கள் மாவட்டத்தில் அந்த ஒருவர் பெகாயிம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அம்மா மாஸ்கோவிலிருந்து போன் செய்து அழுதார். “அவளாவது போகட்டும்” என்றார். விடுதிக்கு என்று ஒரு நீல நிறக் குளிர்கோட்டு வாங்கி அனுப்பினார், இரண்டு அளவு பெரிதாக. நான்கு வருடத்துக்கு வர வேண்டுமே.

நான் விடுதியைப் பற்றி யோசித்தேன். ஓர் அறையில் ஆறு பெண்கள். ஆறிப்போன உருளைக்கிழங்கு. குளிர்காலத்தில் அந்த ஊரில் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவு புகை என்கிறார்கள். பெகாயிமுக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். அம்மா அவளை என் பொறுப்பில்தான் விட்டுப் போயிருக்கிறார். பொறுப்பு என்றால் சோறு போடுவது மட்டும் இல்லை. நான் அன்று முதல் முழங்கையை யோசித்து ஊன்றத் தொடங்கினேன். சில லேப்டாப்பில் நூற்றுப்பத்து, சிலவற்றில் நூற்றிருபத்தைந்து என்று இருந்ததையும் ஒழுங்குபடுத்தி, பன்னிரண்டையும் நூற்றுப்பத்தில் வைத்தேன். குழந்தைகள் குழம்பக் கூடாது.

இந்த இடத்தில் ஜில்திஸ் பற்றிச் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவரின் மகள். பெகாயிமின் உயிர்த் தோழி. பனிக்கட்டி நிறத்தில் சாம்பல் கண்கள். அமைதியானவள், ஆனால் எதையும் உற்றுப் பார்ப்பாள். ஒரு நாள் சீக்கிரம் வந்து, நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து பின்னால் நின்றாள்.

“எஜே, ஓரத்துல நூத்துப்பத்துன்னு ஒண்ணு வந்துட்டுப் போச்சே, அது என்ன?”

நான் தோளைக் குலுக்கினேன். என்னிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை என்பது ஒரு வசதி. அவள் யோசித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள். அவள் யோசிப்பதை நான் பார்த்தேன்.

கல்புபு எஜே அதற்கு முன்பே தன் முடிவைச் சொல்லியிருந்தார். “மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. பன்னெண்டும் புதுசா வந்து எறங்குனப்ப ஊரே வந்து வாயப் பொளந்து பாத்துச்சு. எவ கண்ணோ பட்டிருக்கு.” யார் கண் என்று மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது. லேப்டாப்புகள் வந்த அன்று, “எவ்வளவு அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டு, கண் படாமல் இருக்கட்டும் என்று சொல்ல மறந்த குழந்தைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டார். ஜில்திஸ் அதில் இருந்தாள். சாம்பல் கண் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஜில்திஸ் காய்ச்சல் என்று வரவில்லை. நான் அன்று காலை பன்னிரண்டு லேப்டாப்பையும் நூறுக்குக் கொண்டுவந்தேன். கட்டைகள் விட்ட இடத்தில் விழுந்தன. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை ஜில்திஸ் வந்தாள், நான் நூற்றுப்பத்துக்கு மாற்றியிருந்தேன். வியாழக்கிழமை அவளைச் சோதனைக்காக வீட்டில் இருக்கச் சொன்னார்கள், மறுபடி நூறு. உலார்பெக் அகாய் ஒரு தாளில் கோடு போட்டு, தேதி எழுதி, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்டார். அவர் இத்தனை நாளில் செய்த பரிசோதனைகளிலேயே மிக ஒழுங்கானது அதுதான். முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஜில்திஸைப் போட்டி நாள்வரை வீட்டிலேயே இருந்து படிக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா கோபமாக வந்து கல்புபு எஜேயின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

“என் பொண்ணு கண்ணு படும்னா இந்த ஊர்ல ஒரு ஆடு மிஞ்சியிருக்காது. தெனம் என்கூட தொழுவத்துக்கு வர்றா. உங்க லேப்டாப்பு என்ன, சினை மாட்டவிட ஒசத்தியா?”

“நீங்க படிச்சவரு, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்றார் கல்புபு எஜே.

பெகாயிம் அன்று என் பின்னாலேயே வந்தாள். “இது அநியாயம் எஜே, நீ போய்ச் சொல்லேன், நீ சொன்னா கேப்பாங்க, நீ எதுவுமே சொல்லாத ஆளு, ஒண்ணு சொன்னா கேப்பாங்க” என்றாள். நான் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாலாடை போட்டுக் கொடுத்தேன்.

சீமைச் சவுக்குக் கொத்தை, நாங்கள் அர்ச்சா என்போம், கொளுத்திப் புகை போட வேண்டும் என்று கல்புபு எஜே சொன்னார். கரண்டியில் தணல் வைத்து அதில் அர்ச்சாவைப் போட்டு, ஒவ்வொரு லேப்டாப்பையும் மூன்று முறை சுற்றியது நான்தான். ஏழாவது லேப்டாப் புகையை உள்ளே இழுத்துக்கொண்டு இன்றுவரை இருமுகிறது. புகை போட்ட மறுநாளும் நூற்றுப்பத்து. பட்ட கண் பொருளில் நாற்பது நாள் தங்கும் என்று கல்புபு எஜே விளக்கினார். போட்டிக்கு முப்பத்தெட்டு நாள்தான் இருந்தது.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கட்டையை ஒழுங்காக வைக்க முடியாத பிள்ளைகள் போட்டியில் எப்படியும் தோற்பார்கள், யாருக்கும் வருத்தம் இல்லாமல் காரியம் முடிந்துவிடும். உலார்பெக் அகாயைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பழுது பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். பழுதோடு மல்யுத்தம் செய்யலாம் என்று முடிவெடுத்தார்.

பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துச் சொன்னார்: “எதிராளி வலப்பக்கம் நழுவுறவன்னு தெரிஞ்சுபோச்சு. நீ எங்க கை வைப்ப? அவன் நிக்கிற எடத்துலயா? போகப்போற எடத்தக் கணக்குப் பண்ணி வைக்கணும். இந்தக் கட்டையும் அப்படித்தான். இது ரெண்டு விரல் வலது, ரெண்டு விரல் கீழ நழுவும். நீ ரெண்டு விரல் இடது, ரெண்டு விரல் மேல விடு. யோசிக்கக் கூடாது. கை தானா போகணும்.”

முப்பத்தெட்டு நாள் இந்தப் பயிற்சி நடந்தது. காலையில் கைக்கு நூறு முறை, மாலையில் நூறு முறை. கண்ணைக் கட்டிக்கொண்டுகூடச் செய்ய வைத்தார். ஐயா, உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். தப்பான இடத்தில் போட்டுச் சரியான இடத்தில் விழ வைக்கும் வித்தை. மற்றப் பிள்ளைகள் தடுமாறினார்கள். பெகாயிமுக்கு மட்டும் பத்து நாளில் கை பழகிவிட்டது. கட்டையைத் தூக்கி எறிவது போல விடுவாள், அது பறந்துபோய் ஒட்டிக்கொள்ளும். போட்டிக்கு மூன்று நாள் முன்பு உலார்பெக் அகாய் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். பத்துப் புதிர், முப்பத்தோரு நிமிடம். அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார்.

அன்று வீட்டில் அவள் நீலக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கை நீளம் விரலை மறைத்தது. “எஜே, நான் போனப்புறம் ரொட்டிக்கடைக்கு நீதான் போகணும். கடைக்காரம்மா நல்லவங்கதான், நீ விரலக் காட்டுனாப் போதும், எத்தனன்னு” என்றாள். எனக்கென்று ஒரு பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தாள். எந்த மருத்துவர், எந்தக் கவுண்டர், என்ன சொல்ல வேண்டும் என்று.

போட்டி நாளன்று காலை ஆறரை மணிக்கு நான் பன்னிரண்டு லேப்டாப்பையும் சரி செய்தேன்.

இதைச் சட்டப்படி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழுதாக இருந்ததைப் பழுதில்லாமல் ஆக்கினேன், அவ்வளவுதான். நூற்றுப்பத்தாக இருந்தது, நூறாக வைத்தேன். திரையைச் சுத்தமாகத் துடைத்தேன், அன்று மட்டும் நல்ல வோட்காவால். ஒரு துப்புரவுப் பணியாளர் தன் அறையைப் போட்டிக்குத் தயாராக வைத்திருந்தார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்பது பேர் எழுதினார்கள். ஜில்திஸும் வந்திருந்தாள், பதிவு செய்த பெயரை நீக்க முடியாது என்று அவள் அப்பா சண்டை போட்டிருந்தார். அவளைக் கதவோரம் கடைசி மேசையில், கழுத்தில் மூன்று பாசிமணியோடு உட்கார வைத்தார்கள். தலைநகரிலிருந்து கேமரா வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசக் கூடாது, ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. தேநீர் கொடுக்க நான் மட்டும் உள்ளே நின்றேன். பேசாதவள் என்பதால் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

பெகாயிம் முதல் கட்டையை எறிந்தாள். அது அவள் விட்ட இடத்திலேயே விழுந்தது. இரண்டு விரல் இடது, இரண்டு விரல் மேலே. குட்டி ஆற்றில் விழுந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடி ஆறு. மூன்றாவது முறை கையை நிறுத்தி, மெதுவாக, குழந்தை நடப்பது போலக் கொண்டுபோய் வைத்தாள், சரியாக ஒட்டியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிவது வேறு, கை வேறு. நிதானமாக வைத்தால் நேரம் போயிற்று. வேகமாக வைத்தால் கை பழைய இடத்துக்கே போயிற்று. இருபதாவது நிமிடம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வைத்தாள். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்காக அவள் எத்தனையோ இடங்களில் வாய் திறந்திருக்கிறாள், இப்போது உன் முறை என்பது மாதிரி ஒரு பார்வை. நான் கெட்டிலின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அவள் முடித்தது ஆறு புதிர். ஜில்திஸ் பத்தையும் நாற்பது நிமிடத்தில் முடித்தாள். இந்த முப்பத்தெட்டு நாளும் அவள் அப்பாவின் பழைய கணினியில், விட்ட இடத்தில் கட்டை விழுகிற கணினியில், சாதாரணமாகப் படித்திருந்தாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பெகாயிம் புகார் எழுதினாள். செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்து, ஏழு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டீர்கள்.

“கட்டை சரியான எடத்துலயே விழுந்துச்சு ஐயா. அதனாலதான் எல்லாம் தப்பாப் போச்சு” என்றாள்.

நீங்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். இருபத்தெட்டு வருடப் பணியில் எந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்று வந்த முதல் புகார் இதுதான் என்றீர்கள். கல்புபு எஜேயும் சிரித்தார். சாம்பல் கண்ணுக்காரி பெகாயிமின் அதிர்ஷ்டத்தைக் குடித்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு, தோற்ற பிள்ளை சாக்குச் சொல்கிறது என்று இன்னொரு பேச்சு. பெகாயிம் ஜில்திஸ் பக்கம் திரும்புவதில்லை.

உலார்பெக் அகாய் மட்டும் அவளை நம்பினார். இவ்வளவு நாள் கோளாறைப் போக்கப் பாடுபட்டவர், இப்போது அதை வரவழைக்கப் பாடுபட்டார். ஸ்டெபிலைசரைக் கழற்றினார். மேசைக் காலின் அட்டைகளை உருவினார். பழைய மவுஸ்களைக் குப்பையிலிருந்து எடுத்து மாட்டினார். ஜில்திஸைக் கெஞ்சிக் கூட்டிவந்து பன்னிரண்டு லேப்டாப்பையும் முறைத்துப் பார்க்கச் சொன்னார். அவளும் பாவம், கண் நீர் வரும்வரை பார்த்தாள். கட்டைகள் விட்ட இடத்திலேயே விழுந்தன. கோளாறு இருந்தது என்பதையும் அதன் காரணத்தையும் எழுத்தில் நிரூபித்தால் மறுதேர்வு உண்டு என்று விதி இருக்கிறது. அவரிடம் கோளாறும் இல்லை, காரணமும் இல்லை.

கடைசியில் என்னிடம் வந்தார். நான் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அனார், தெனமும் அதத் தொடைக்கிறவ நீ. எதையாவது பாத்திருந்தா சொல்லு. பேசக்கூட வேணாம்மா, தலைய ஆட்டு, போதும். உன் தங்கச்சிக்காகக் கேக்குறேன்.”

நான் வாளியை நிரப்பினேன். அவர் வாளியை எனக்காகத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே வைத்துவிட்டுப் போனார்.

பெகாயிம் இப்போது வீட்டில் கிண்ணத்தை வைக்கும்போது இரண்டு முறை பார்த்து வைக்கிறாள். “எஜே, என் கை சரியா இருக்கா பாரேன், எனக்குத் தெரியல” என்று நீட்டுகிறாள். நான் பிடித்துப் பார்த்துவிட்டு, நம் குடும்பத்துக் கை அப்படித்தான், எனக்கும் கரும்பலகை முன்னால் இப்படித்தான் ஆனது என்று சொன்னேன். ஏழு வருடத்தில் நான் அவளிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கணினி அறைக்கு அவள் போவதில்லை. மாலையில் எனக்குத் துடைக்க உதவுகிறாள். நன்றாகத்தான் துடைக்கிறாள்.

அவள் பொய் சொன்னாள் என்று உங்கள் கோப்பில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. கட்டை சரியான இடத்தில்தான் விழுந்தது. அதை விழ வைத்தது நான். அதற்கு முன்பு தப்பாக விழ வைத்ததும் நான். ஜில்திஸின் கண்ணில் ஒன்றும் இல்லை. நூற்றுப்பத்து என்று வைத்து உங்கள் அலுவலகத்திலேயே யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். தங்கையின் நன்மை தவிர எனக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை.

இதுவரை உள்ளதைப் புதன்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் நாலைந்து இடத்தில் அடித்தல் இருந்தது. அரசு அலுவலகத்துக்குப் போகிற காகிதம் அப்படிப் போகக் கூடாது. ஆகவே வியாழக்கிழமை உட்கார்ந்து முதலிலிருந்து படியெடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் மை சிந்தியது, வெள்ளிக்கிழமை காலை அதை மட்டும் மறுபடி எழுதினேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் எழுத்தர் மனுப் பெட்டியைப் பூட்டிவிடுவார், அதன் பிறகு வருவதை மறுதேர்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பெகாயிம் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு அடிக்கும்போது அவள் சன்னலருகே நின்றுகொண்டிருந்தாள், யாராவது எதையாவது எடுத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறார்களா என்று. பிறகு நீலக் கோட்டைக் கழற்றி மடித்து, எனக்குச் சரியாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

சனி, ஞாயிறு உங்களுக்கு விடுமுறை. இன்று திங்கட்கிழமை. கோட்டு எனக்கு அளவெடுத்தது போல இருக்கிறது, கடிதத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை.